மொட்டைமாடி அடுப்பு... ஒரு நிமிடம் யோசியுங்கள் சகோதரிகளே!



நான் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் வசிக்கும் இல்லத்தரசி. பத்தாம் வகுப்பு வரை படித்தவள். வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பேன். பிடித்த சமையல் குறிப்பை வெட்டி நோட்டில் ஒட்டி வைப்பேன். அதோடு சரி. எழுதுவது இதுதான் முதல் முறை. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நடந்த ஒரு விஷயம்தான் என்னைப் பேனாவை எடுக்க வைத்தது.

ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகனும், பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேரும் மாடிக்குப் போய் அரை மணி நேரமாகியும் ஒரு சத்தமும் இல்லை. பிள்ளைகள் சத்தம் போடாமல் விளையாடினால் ஏதோ விஷமம் நடக்கிறது என்று நமக்குத்தான் தெரியுமே! வடகம் காய்ந்துவிட்டதா என்று பார்க்கிற சாக்கில் மேலே போனேன். அங்கே கூல்டிரிங்க்ஸ் டின் ஒன்றைக் கத்தரிக்கோலால் பாதியாக வெட்டி, அதற்குள் கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமிருந்த சானிடைசரை ஊற்றி வைத்திருந்தார்கள். பக்கத்தில் தீப்பெட்டி. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, என் கணவர் அடித்துக்கொள்ளும் பாடி ஸ்பிரே டின்னின் அடியில் ஆணியை வைத்து, ஒரு பையன் சுத்தியலை ஓங்கிக்கொண்டிருந்தான்!

பிடுங்கிக்கொண்டு, "என்னடா இது?" என்று கத்தினேன்.

"கேம்ப் அடுப்பும்மா. செல்போன்ல பார்த்தோம். மறுபடி வெள்ளம் வந்தா உனக்குத்தான் யூஸ் ஆகும்" என்றான் என் மகன், சாவகாசமாக.

எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. பின்னாலேயே மூச்சு வாங்க மாடியேறி வந்த என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அன்னிக்கு நாம பட்டது போதாதா? இவனுக்கு அதைச் சொல்லவே இல்லையா நீ?" என்று என்னைத்தான் கேட்டார்.

உண்மைதான். இத்தனை வருஷமாக அவனிடம் சொல்லவில்லை. வெளியிலும் யாரிடமும் சொன்னதில்லை. வெள்ளத்தைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். ஆனால் அந்த அடுப்பைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதியை இந்தப் பக்கத்து மக்கள் யாரும் மறந்திருக்க முடியாது. அன்று தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு கரை மீறி முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் என்று வீடுகளுக்குள் புகுந்தது. எங்கள் வீடு தரைத்தளமும், மேலே மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு சின்ன அறையும்தான். ராத்திரி முட்டியளவு தண்ணீர். விடிவதற்குள் ஜன்னல் அளவு. அரிசி மூட்டை, பருப்பு டப்பா, நாலைந்து பாத்திரம், தண்ணீர்க் குடம் இவ்வளவுதான் மேலே ஏற்ற முடிந்தது. கேஸ் அடுப்பு தண்ணீருக்கடியில். சிலிண்டர் சமையலறைக்குள் மிதந்து, சுவரில் இடித்து இடித்து 'டங் டங்' என்று சத்தம் போட்டது இன்னும் காதில் இருக்கிறது. இண்டக்ஷன் அடுப்பு வைத்திருந்த வீடுகளுக்கும் அதே கதிதான், கரண்ட் இல்லையே!

மாடியில் நாங்கள் எட்டுப் பேர். நான், என் கணவர், மாமியார், கொழுந்தனார், எதிர்வீட்டு அக்கா, அவர் வீட்டுக்காரர், அவர்கள் பெண், பிறகு என் மகன். அப்போது அவனுக்குப் பத்து மாதம். தாய்ப்பாலோடு கஞ்சி ஆரம்பித்திருந்த நேரம். "ரெண்டு நாள் பிஸ்கட் சாப்பிட்டா செத்தா போயிடுவோம்?" என்று பெரியவர்கள் சொல்லலாம். பத்து மாதக் குழந்தைக்குத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் கொடுக்க முடியுமா?

கொழுந்தனார்தான் வழி கண்டுபிடித்தார். மாடியில் கிடந்த பழைய ஜி.ஐ. வாளியை எடுத்து, ஆணியால் சுற்றிலும் துளை போட்டு, மேலே இரண்டு கம்பியைக் குறுக்கே வைத்தார். அடுப்பு ரெடி! "நம்ம வீட்டு இன்ஜினியர்" என்று எல்லோரும் பாராட்டினோம். உடைந்த பழைய ஜன்னல் கதவும், பிளைவுட் அலமாரிப் பலகையும் விறகாயின. நானும் எதிர்வீட்டு அக்காவும் மாறி மாறி உட்கார்ந்து ஊதினோம். முதல் முறை பற்ற வைத்ததும் வாளியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை வந்தது. பளபளவென்றிருந்த சாம்பல் நிறம் போய், மேலெல்லாம் வெள்ளை மாவு பூத்தது. தொண்டை கரகரத்தது. 'புகைன்னா அப்படித்தான்' என்று விட்டுவிட்டோம்.

அன்று ராத்திரி மறுபடி தூறல். குளிர் வேறு. கஞ்சி வைத்து முடித்த பிறகு வாளியில் தணல் நிறைய இருந்தது. அதை வீணாக்குவானேன், குழந்தைக்குக் கதகதப்பாக இருக்கும் என்று நான்தான் அந்தச் சின்ன அறைக்குள் வாளியைக் கொண்டுவந்து வைக்கச் சொன்னேன். ஆமாம் சகோதரிகளே, நான்தான் சொன்னேன். புகை இல்லை, தணல்தானே என்று நினைத்தேன். சாரல் அடிக்கிறது, கொசு வருகிறது என்று கதவையும் சாத்திவிட்டு எட்டுப் பேரும் படுத்தோம்.

என் மாமியாருக்குச் சர்க்கரை வியாதி. ராத்திரியில் இரண்டு மூன்று முறை எழுந்து வெளியே போவார். அன்றும் எழுந்தார். இரண்டு அடி வைத்தவர், தலை சுற்றிக் கதவின் மேலேயே சாய்ந்துவிட்டார். கதவு திறந்துகொண்டது. விழுந்த சத்தத்தில் என் கணவர் விழித்தார். அவருக்கும் தலை பாரம், வாந்தி. என்னை உலுக்கி எழுப்பியிருக்கிறார். எனக்குக் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. குழந்தையைத் தூக்கினால் துணிப் பொம்மை மாதிரி தலை தொங்குகிறது. அழவும் இல்லை. எல்லோரையும் வெளியே இழுத்துத் தூறலில் போட்டார்கள். எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது, குழந்தை வீல் என்று அழுதான். என் வாழ்க்கையில் அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. எங்கள் எட்டுப் பேர் உயிரையும் அன்று காப்பாற்றியது என் அத்தையின் சர்க்கரை வியாதிதான்!

தண்ணீர் வடிந்த பிறகு மருத்துவ முகாமில் ஒரு டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "புகை வந்தா கண் எரியும், இருமல் வரும், எழுந்து ஓடிடுவீங்க. தணல்ல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாதும்மா. ரத்தம் பிராண வாயுவைச் சுமக்கிற அதே இடத்துல இது போய் ஒட்டிக்கும். அதுவும் பிராண வாயுவைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். தலைவலி, வாந்தி, அசதி, அப்புறம் தூக்கம். அந்தத் தூக்கத்துலேயே போயிடுவாங்க" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

ஏதோ வெள்ளத்தில் மாட்டிய ஏழை பாழைகளுக்குத்தான் இப்படி நடக்கும் என்று நினைக்காதீர்கள். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன நண்பர்களில் இரண்டு பேர், தங்கிய அறைக்குள் இருந்த பார்பிக்யூ கரி அடுப்பின் புகையால் தூக்கத்திலேயே இறந்துபோனதைச் செய்தித்தாளில் படித்தோமே! வாலிபப் பிள்ளைகள். மழையும் குளிரும் கதவைச் சாத்த வைக்கும். தணல் மீதியைப் பார்த்துக்கொள்ளும். எங்கள் மாடியில் நடந்ததும் அதேதான்.

அந்த வெள்ளைப் புகையின் விவரம் பிறகு தெரிந்தது. எங்கள் தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் வாளியைக் காட்டினேன். "ஏம்மா, ஜி.ஐ.ன்னா இரும்பு மேல துத்தநாகம் பூசினது. ஜி.ஐ. பைப்பை வெல்டிங் வெச்சா அன்னிக்கு ராத்திரியே எங்களுக்குக் குளிர்காய்ச்சல் வரும், உடம்பு முறிச்சுப் போடும். இதைப் போய் அடுப்பாக்கினீங்களா?" என்றார். துத்தநாகம் 420 டிகிரி சூட்டில் உருகும். 907 டிகிரியில் ஆவியாகும். சுற்றிலும் துளை போட்டு நன்றாகக் காற்று ஏறும் அடுப்பில், நடுத்தணல் அந்தச் சூட்டையே நெருங்கக் கூடியது. தண்ணீர் பிடிக்க நல்ல வாளிதான். நெருப்புக்குத்தான் அது ஆகாது.

இதைச் சொன்னால் சில சகோதரிகள் கேட்பார்கள்: "அப்படியானால் அடுப்பே மூட்டக் கூடாதா? இப்போதுதான் ஹெலிகாப்டரிலேயே சாப்பாட்டுப் பொட்டலம் போடுகிறார்களே?" போடுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பொட்டலம் எல்லா மாடிக்கும் வராது. வந்தாலும் குழந்தைக்கு வெந்நீரும் கஞ்சியும் அதில் இருக்காது. படுத்த படுக்கையாய் இருக்கும் பெரியவர்களுக்குக் குழைந்த சாதம் இருக்காது. அடுப்பு மூட்டத்தான் வேண்டும். நம் பாட்டிமார் குமுட்டி அடுப்பிலும், அம்மாமார் மரத்தூள் அடுப்பிலும் சமைத்தவர்கள்தானே! தகர டின்னை வெட்டி நடுவில் கட்டையை வைத்து மரத்தூளை இடித்து நிரப்பிய அடுப்பு எங்கள் அம்மா வீட்டில் எத்தனை வருஷம் எரிந்தது தெரியுமா? ஆனால் அவர்கள் அதைக் கொல்லைப்புறத்தில் வைத்தார்கள். எந்தத் தகரம், எந்த விறகு, எங்கே வைப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாம் கேஸுக்கு மாறிய பிறகு அந்த அறிவை மட்டும் மறந்துவிட்டோம். ஆபத்து வரும்போது அவசரத்தில் கையில் கிடைத்ததை வைத்து மூட்டுகிறோம்.

அதனால் எனக்குத் தெரிந்துகொண்டவற்றை இங்கே சொல்கிறேன். இவை புத்தகம் படித்து மட்டும் வந்ததல்ல, பட்டு வந்தது.

முதலில் பாத்திரம். ஜி.ஐ. வாளி, ஜி.ஐ. தகடு, ஜி.ஐ. டப் எதுவும் அடுப்புக்கு வேண்டாம். பெயின்ட் டப்பா, பூச்சி மருந்து டின், தின்னர் டின் வேண்டவே வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் உள்ளே ஒட்டியது எரிந்து புகையாக வரும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும்; கூல்டிரிங்க்ஸ் டின்னெல்லாம் காகிதம் மாதிரி. சமையல் எண்ணெய் வரும் பதினைந்து கிலோ டின்னில் துத்தநாகம் இல்லை, ஆனால் தகடு மெல்லிசு. இரண்டு நாள் எரிந்தால் ஓரம் இற்றுவிடும். அதன் மேல் பத்துப் பேருக்குக் கஞ்சிப் பானையை வைத்தால், டின் மடங்கிக் கொதிக்கிற கஞ்சி நம் மடியில்தான் கொட்டும். அதைவிட மூன்று செங்கல் எவ்வளவோ மேல். அதிலும் வெள்ளத்தில் ஊறிய செங்கலை உடனே சூடாக்கினால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெடித்துத் தெறிக்கும்; காய்ந்த செங்கலாகப் பாருங்கள். உலோகத்தில் என்றால் பூச்சு இல்லாத கனமான இரும்பு, அல்லது எவர்சில்வர். காயலான் கடையில் பழைய வாஷிங் மெஷினின் எவர்சில்வர் டிரம் கிடைக்கும். சுற்றிலும் துளையோடு இருக்கும். பிளாஸ்டிக் பாகங்களை எடுத்துவிட்டால் நல்ல அடுப்பு.

இரண்டாவது, எரிபொருள். பிளைவுட் பலகையில் பசை இருக்கிறது. பெயின்ட் அடித்த பழைய கதவு, ஜன்னலில் ஈயம் இருக்கலாம். வீட்டுக்கு அடிக்கும் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற சட்டம் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில் எவ்வளவு இருந்தது என்பதை யார் கண்டார்கள்? அந்தப் புகையைக் குழந்தை பக்கத்தில் விடலாமா? சாதாரண விறகு, தேங்காய் ஓடு, மட்டை போதும். பழைய வயர், பிளாஸ்டிக் எதையும் பற்ற வைக்கக்கூடப் பயன்படுத்தாதீர்கள்.

ஸ்பிரிட், சானிடைசர் அடுப்பு மிகவும் மோசம். வெயிலில் அந்தச் சுவாலை கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஊற்றினால், நெருப்பு பாட்டில் வழியாகக் கைக்கே ஏறும். ஸ்பிரே டின்கள் அதைவிட மோசம். பல பாடி ஸ்பிரே, கொசு ஸ்பிரே டின்களுக்குள் இருப்பதும் நம் சமையல் கேஸ் வகையைச் சேர்ந்த வாயுதான். காலியாகிவிட்டது என்று நாம் நினைக்கும் டின்னிலும் மிச்சம் இருக்கும். ஆணி அடித்தால் சீறி வரும்; நெருப்பில் போட்டால் குண்டு மாதிரி வெடிக்கும். என் மகனுக்கும் அவன் நண்பர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை இதைத்தான் சொன்னேன்.

மூன்றாவது, இடம். திறந்த வெளி. திறந்த வெளி. திறந்த வெளி. மூன்று முறை எழுதுகிறேன், மன்னிக்கவும். மாடிப்படி அறை, கார் ஷெட், ஷட்டர் போட்ட கடை, பாத்ரூம் எதற்குள்ளும் விறகு அடுப்போ கரி அடுப்போ போகக் கூடாது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்று நம்பாதீர்கள். மழை பெய்தால் நான்கு பக்கமும் திறந்திருக்கும்படி மேலே மட்டும் ஒரு தகரத்தை உயரமாகப் பிடியுங்கள். தணலைக் கதகதப்புக்கு வைத்துக்கொள்ளவே கூடாது. சமையல் முடிந்ததும் தண்ணீரோ ஈர மண்ணோ போட்டு அணைத்து விடுங்கள். ஈரமான மாடித் தரையில் நேராகவும் நெருப்பு மூட்டாதீர்கள்; காங்கிரீட் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். கீழே காய்ந்த செங்கலைப் பரப்பி, மணல் கொட்டி, அதன் மேல் அடுப்பை வையுங்கள்.

இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2023 ஆகஸ்ட் 26-ஆம் தேதி மதுரையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். உத்தரப் பிரதேசத்திலிருந்து சுற்றுலா வந்தவர்களின் ரயில் பெட்டி மதுரை ரயில் நிலையம் அருகே நின்றிருந்தது. விதிக்கு விரோதமாக உள்ளே கொண்டுவந்திருந்த சிலிண்டரை வைத்து விடியற்காலையில் டீ போடப் போக, பெட்டி தீப்பிடித்து ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். முறையாகச் செய்த அடுப்பும் சிலிண்டரும்தான் அவை. ஆனால் இருந்த இடம் பூட்டிய பெட்டி. ஒரு வாய் டீக்கு ஒன்பது உயிர்!

நான்காவது, நம் உடை. பாலியெஸ்டர் நைட்டியும் நைலான் துப்பட்டாவும் நெருப்பு பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்திப் புடவை கட்டி, முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு உட்காருங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணலும், நனைத்த சாக்கும் இருக்கட்டும். சுட்டுக்கொண்டால் இங்க், டூத் பேஸ்ட், இட்லி மாவு எதையும் தடவாமல் சுத்தமான குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிடம் ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம். பிறகு 108-க்குக் கூப்பிடுங்கள். தீக்காயத்துக்கென்றே கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தனிப் பிரிவு இருக்கிறது.

ஐந்தாவது, தண்ணீர் வடிந்த பிறகு. மிதந்த சிலிண்டரைத் துடைத்து உடனே மாட்டிப் பற்ற வைக்காதீர்கள். ரெகுலேட்டர், டியூப் எல்லாவற்றிலும் சேறு புகுந்திருக்கும். ஏஜென்சியில் காட்டிய பிறகே மாட்டுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படிந்து நிற்கும். வாசனை வந்தால் ஸ்விட்சைத் தொடாமல் கதவைத் திறந்துவிட்டு வெளியே போய் 1906-க்கு போன் செய்யுங்கள். வெள்ளத்துக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. தண்ணீர் வாசலுக்கு வருகிறது என்றால் முதலில் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டருக்கு மூடி போட்டு விடுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டேன். ஆனால் என் மனதில் உள்ள முக்கியமான விஷயம் இதுதான். அன்று எங்கள் தெருவில் எத்தனையோ மாடிகளில் அடுப்பு முளைத்தது. நான் பார்த்தவரை செய்தவர்கள் எல்லோரும் ஆண்கள். பாராட்டும் அவர்களுக்குத்தான். அதன் முன் உட்கார்ந்து ஊதி, புகை குடித்தவர்கள் நாம். இடுப்பில் குழந்தையும் நம்மோடுதான். நான் யாரையும் குறை சொல்லவில்லை. என் கொழுந்தனார் நல்லெண்ணத்தில்தான் செய்தார்; வாளியை உள்ளே வைக்கச் சொன்ன தப்பு என்னுடையது. ஆனால் அடுப்பைச் செய்கிறவர் ஒருவர், அதன் முன் உட்காருகிறவர் இன்னொருவர் என்று இருக்கும்போது, உட்காருகிறவர் வாயைத் திறந்து "இது எந்தத் தகரம்?" என்று கேட்க வேண்டாமா? கேட்பதற்கு நமக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டாமா? அதுவும் கழுத்தளவு தண்ணீர் நிற்கும்போது யோசித்தால் நடக்குமா? ஐப்பசிக்கு முன்பே யோசிக்க வேண்டும்.

நாங்கள் அப்படித்தான் செய்தோம். வெள்ளம் வடிந்த அடுத்த வருஷமே என் மாமியார் காயலான் கடையில் பேரம் பேசி, கனமான பழைய இரும்புக் குமுட்டி ஒன்றை வாங்கினார். மூன்று கால், கீழே சாம்பல் விழும் வழி, அசையாமல் நிற்கும். ஒவ்வொரு ஆடி மாதமும் அதை வெளியில் வைத்து ஒரு முறை பற்ற வைத்துப் பார்ப்போம். காய்ந்த விறகும் தேங்காய் ஓடும் பிளாஸ்டிக் டிரம்மில் மூடி வைத்திருக்கிறோம். "பழைய சாமானைக் கட்டி அழுவுறீங்களே" என்று என் கணவர்கூடக் கேலி செய்தார்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் வந்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மறுபடி தண்ணீர். கரண்ட் போனது. இந்த முறை சிலிண்டரை முன்பே கழற்றி மூடியாகிவிட்டது. மழை விட்டதும் மாடியின் திறந்த மூலையில், செங்கல் பரப்பிக் குமுட்டியை வைத்தோம். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து இரண்டு வீடுகளுக்கும் மூன்று நாள் கஞ்சியும் ரசமும் வெந்நீரும் அதில்தான். ராத்திரி தணலை அணைத்து, சாம்பல் ஆறியதைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் என் அத்தை படுக்கப் போவார். கேலி செய்தவர்தான் மூன்று நாளும் விறகு பிளந்து கொடுத்தார்!

மூன்று தெரு தள்ளி ஒரு வீட்டு மாடியில் அதே மாதிரி ஜி.ஐ. வாளியில் புகை வருவதை அன்று பார்த்தேன். தண்ணீருக்கு நடுவே கத்தினாலும் கேட்காத தூரம். அன்றே இதை எழுதியிருக்க வேண்டும். சோம்பலும் கூச்சமும் தடுத்துவிட்டன. இப்போது என் பிள்ளையே சுத்தியலோடு உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு கூச்சமாவது ஒன்றாவது!

தாம்பரம், பெருங்களத்தூர், பள்ளிக்கரணை, வேளச்சேரி என்று மழை வந்தாலே நெஞ்சு படபடக்கும் பகுதிகளில் இருக்கும் சகோதரிகளுக்கு என் வேண்டுகோள். நம் குடியிருப்போர் நலச் சங்கங்கள் மழைக்கு முன் கூட்டம் போடும்போது மோட்டார், மணல் மூட்டை பற்றிப் பேசுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு நாமும் போவோம். தெருவுக்கு இரண்டு நல்ல இரும்பு அடுப்பு வாங்கி வைக்கச் சொல்வோம். பழைய ஜி.ஐ. வாளியில் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று நாலு பேருக்குச் சொல்வோம். பிள்ளைகளிடம் "அடுப்புப் பக்கம் போகாதே" என்று மிரட்டினால் அவர்கள் செல்போனிடம் கற்றுக்கொள்வார்கள். அடுத்த ஆடியில் குமுட்டி பற்ற வைக்கும்போது என் மகனையும் பக்கத்தில் உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். அவன் பத்து மாதத்தில் என் தோளில் தலை தொங்கிக் கிடந்த கதையையும் சேர்த்துத்தான்.

உங்கள் வீட்டில் வெள்ளத்துக்கு என்ன அடுப்பு வைத்திருக்கிறீர்கள் சகோதரிகளே? இன்றைக்கே பரணில் ஏறி ஒரு முறை பாருங்களேன்!

- ஒரு வாசகி,
முடிச்சூர், தாம்பரம்.